வாசகர் கேள்வி – பதில்: இறுதி வாரங்களில் குறுகும் இடைவெளி

கேள்வி: அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நெருங்கும்போது கருத்துக்கணிப்புகளில் வேட்பாளர்களுக்கு இடையிலான இடைவெளி குறுகிவிடுகிறது. பின்தங்கியிருந்தவர் முன்னேறுகிறார் என்று அதற்குப் பொருள் கொள்ளலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: சில வேளைகளில் கொள்ளலாம், ஆனால் முதலில் அந்த அசைவு உண்மையானதுதானா என்று பார்க்க வேண்டும். ஏறத்தாழ 1,000 பேரிடம் எடுக்கப்படும் கணிப்பில் ஒவ்வொரு வேட்பாளரின் ஆதரவும் 3 புள்ளிகள் கூடவோ குறையவோ இருக்கலாம். இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தை எடுத்துக்கொண்டால் அந்தத் தவறு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆகவே சென்ற வாரம் 5 புள்ளிகளாக இருந்த இடைவெளி இந்த வாரம் 2 ஆகிவிட்டது என்ற செய்திக்குப் பின்னால் ஒரு வாக்காளர்கூட மனம் மாறாமல் இருந்திருக்கலாம். ஒரே நிறுவனம் ஒரே முறையில் எடுத்த கணிப்புகளை அடுத்தடுத்து ஒப்பிடுவதும், பல கணிப்புகளின் சராசரி நகர்கிறதா என்று பார்ப்பதுமே நியாயமான வழி.

சராசரியும் குறுகுகிறது என்றால், பெரும்பாலும் அதன் காரணம் எதிரணியிலிருந்து ஆட்கள் வருவதல்ல, சொந்தக் கட்சியினர் திரும்பி வருவதுதான். 1968 இல் செப்டெம்பர் இறுதியில் கலப் நிறுவனத்தின் கணிப்பில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹியூபர்ட் ஹம்ப்ரி, குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் நிக்சனைவிட 15 புள்ளிகள் பின்தங்கியிருந்தார். வட வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்தத் தயார் என்று செப்டெம்பர் 30 ஆம் திகதி அவர் உரையாற்றியபின், வியட்நாம் போர் காரணமாக விலகி நின்ற ஜனநாயகக் கட்சியினரும், மூன்றாவது வேட்பாளர் ஜோர்ஜ் வொலஸ் பக்கம் சாய்ந்திருந்த தொழிற்சங்கத்தினரில் ஒரு பகுதியினரும் அவரிடம் மீண்டனர். ஆயினும் ஒரு புள்ளிக்கும் குறைந்த வித்தியாசத்தில் நிக்சனே வென்றார். குறுகிய இடைவெளி மறுபடி விரிவதும் உண்டு. 1980 இல் ஜனாதிபதி கார்ட்டரும் அவரை எதிர்த்த ரேகனும் நெருங்கி நிற்பதாகவே பல கணிப்புகள் காட்டின. இருவரும் சந்தித்த ஒரே விவாதம் ஒக்டோபர் 28 ஆம் திகதி நடந்தது. அடுத்த வாரம் ரேகன் ஏறக்குறைய 10 புள்ளிகளால் வென்றார்.

கேள்வி: வெல்ல வாய்ப்பில்லை என்று கருதப்படும் மாநிலத்துக்கு வேட்பாளர் கடைசி நாட்களில் செல்வது ஏன்? நம்பிக்கையா, வேறு வழியில்லாமையா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பயணத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. அங்கு மாநிலவாரியாகத் தெரிவாகும் 538 தேர்வாளர்களில் 270 பேரைப் பெறுபவரே ஜனாதிபதி; எனவே வழமையான பாதை அடைபடும் வேட்பாளர் வேறொரு மாநிலத்தைத் தேடியே ஆகவேண்டும். 2012 இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ரொம்னி கடைசி நாட்களில் பென்சில்வேனியாவுக்குச் சென்றார். அங்கே சுமார் 5 புள்ளிகளால் தோற்றார். 2016 இல் ட்ரம்ப் அதே பென்சில்வேனியாவிலும் மிச்சிகன், விஸ்கொன்சின் மாநிலங்களிலும் பாடுபட்டபோது பலர் அதையும் வீண் முயற்சி என்றே எடைபோட்டனர். அவரோ மூன்றையும் சேர்த்து 80,000 க்கும் குறைந்த வாக்குகளால் கைப்பற்றினார். நாடு முழுவதுமான வாக்கில் ஹிலாரி கிளிண்டன் சுமார் 2 புள்ளிகள் முந்தியிருந்தும் அது அவருக்கு உதவவில்லை.

அதனால், சவால் விடுபவரைவிட முன்னணியில் இருப்பவரின் நடமாட்டத்தையே கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. தோற்பவர் எங்கும் போவார். முன்னிற்பவரோ தமக்கு உறுதியான மாநிலத்தில் கடைசி நாளைச் செலவழிக்கக் காரணம் வேண்டும். அந்த ஆண்டு தேர்தலுக்கு முதல் நாள் கிளிண்டனும் ஒபாமாவும் மிச்சிகனுக்கு விரைந்தது எந்தக் கணிப்பையும்விடத் தெளிவான அறிகுறி. பொதுத் தேர்தல் பிரசாரக் காலம் முழுவதும் கிளிண்டன் விஸ்கொன்சினுக்கு ஒருமுறையும் செல்லாததும் அந்த முகாமின் கணக்கு எங்கே பிழைத்தது என்பதைக் காட்டுகிறது.

கேள்வி: இந்த அளவுகோல்கள் எமது ஜனாதிபதித் தேர்தலுக்குப் பொருந்துமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: மாநிலக் கணக்கு பொருந்தாது, ஏனெனில் இங்கு முழு நாடும் ஒரே தொகுதி. மாறாக, 50 வீதத்தைத் தாண்டுவாரா என்பதும், தாண்டாவிட்டால் விருப்பு வாக்குகள் எங்கே போகும் என்பதும் எமக்குரிய கேள்விகள். 2024 இல் அநுர குமார திசாநாயக்க 42.31 வீதமும் சஜித் பிரேமதாச 32.76 வீதமும் பெற்றதால் வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகளைச் சேர்க்கும் இரண்டாம் எண்ணிக்கை நடந்தது.

அதைவிட முக்கியமானது வாக்களிக்க வருவோர் தொகை. 2005 இல் மகிந்த ராஜபக்ச சுமார் 180,000 வாக்குகளால் வென்றபோது, புறக்கணிப்பின் காரணமாக யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் 2 வீதத்தைக்கூட எட்டவில்லை. யாரை ஆதரிக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கும் கணிப்பில் இது அகப்படாது. வட்ஸ்அப்பில் வரும் கணிப்புகள் எதுவானாலும், வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் எத்தனை பேரிடம், எந்த மொழியில், எந்தத் திகதிகளில் கேட்டார்கள் என்று தேடிப் பாருங்கள். இவற்றை வெளியிடாத கணிப்பின் எண்களை இந்தப் பகுதியில் நான் எடுத்தாள்வதில்லை.