நீரில் தொடங்கிப் புரதம் வரை: உயிர்வேதியியல் கேள்வி பதில்

முதலாண்டு உயிர்வேதியியல் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் புரதத்தைப் பற்றியவை. ஆனால் பதில் எழுத உட்கார்ந்தால் பெரும்பாலும் தண்ணீரில்தான் போய் நிற்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பி.எஸ்சி. மாணவர்: சார், முதல் பாடமே தண்ணீர். பள்ளியிலேயே படித்ததுதானே, தள்ளிவிட்டு அமினோ அமிலத்துக்குப் போகலாமா?

வேண்டாம் தம்பி. தனிம அட்டவணையில் ஆக்சிஜனுக்கு நேர் கீழே இருப்பது கந்தகம். ஹைட்ரஜன் சல்பைடு நீரைவிட எடை கூடிய மூலக்கூறு. ஆனாலும் மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடும். நீர் 100 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அதன் மேல் சிறிது எதிர்மின்சுமையும் ஹைட்ரஜன்கள் மேல் சிறிது நேர்மின்சுமையும் நிற்கின்றன. மூலக்கூறு 104.5 டிகிரியில் வளைந்திருப்பதால் இந்தச் சுமைகளின் இழுப்பு ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை. ஒரு நீர் மூலக்கூறு நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகள் வரை வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒன்றை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் நீரில் கரையாததற்குக் காரணம் இரண்டுக்கும் நடுவே ஏதோ விலக்கு விசை இருப்பது அல்ல. எண்ணெயைச் சுற்றி நிற்கும் நீர் மூலக்கூறுகள் தங்கள் பிணைப்புகளைக் காப்பாற்றிக்கொள்ள ஒழுங்காக அடுக்கி நிற்க வேண்டியிருக்கிறது, என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மை, குறைகிறது. எண்ணெய்த் துளிகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் அந்தக் கட்டாயம் குறையும். புரதம் மடிவதற்கும் இதுவே பெரிய காரணம்.

நர்சிங் மாணவி: ரத்தத்தின் பிஹெச் 7.35 முதல் 7.45 வரை என்கிறார்கள். 7.1 ஆனால் ஏன் இவ்வளவு பதறுகிறார்கள் சார்? 0.3 தானே வித்தியாசம்?

அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் ஒரு மடக்கை அளவு, அம்மா. ஒரு அலகு குறைந்தால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்காகும். 7.4-ல் ஹைட்ரஜன் அயனி லிட்டருக்கு 40 நானோமோல், 7.1-ல் 80. அதாவது இரண்டு மடங்கு. 1909-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேதியியலாளர் சோரன்சன் இந்த அளவைக் கொண்டுவந்ததே, உடலின் வேதிவினைகளை வேகப்படுத்தும் நொதிகளை ஆராயும்போதுதான். அமிலத்தன்மை சற்று மாறினாலும் நொதியின் வேகம் மாறிவிடும்.

ரத்தத்தின் முக்கியத் தாங்கல், அதாவது பிஹெச் சட்டென மாறாமல் காக்கும் கரைசல், பைகார்பனேட். அதன் பிகேஏ (அமிலம் பாதி பிரிந்து நிற்கும் பிஹெச்) 6.1. தாங்கல் கரைசல் தன் பிகேஏவுக்கு ஒரு அலகு இப்படி அப்படித்தான் நன்றாக வேலை செய்யும் என்று படித்திருப்பீர்கள். அப்படியானால் 7.4-ல் இது எப்படி உதவுகிறது? குடுவையில் அடைத்து வைத்தால் உதவாதுதான். உடலில் இரண்டு பக்கமும் வழி திறந்திருக்கிறது: நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது, சிறுநீரகம் பைகார்பனேட்டைக் கூட்டிக் குறைக்கிறது. பைகார்பனேட் 24 மில்லிமோல், கரைந்த கார்பன் டை ஆக்சைடு 1.2 மில்லிமோல், விகிதம் 20. அதன் மடக்கை 1.3, அதோடு 6.1-ஐக் கூட்டினால் 7.4. வார்டில் சர்க்கரை நோயாளி ஒருவர் கீட்டோ அமிலம் மிகுந்து ஆழமாக, வேகமாக மூச்சு விடுவதைப் பார்ப்பீர்கள். அந்த விகிதத்தை மீட்க உடல் படும் பாடு அது.

இல்லத்தரசி: கார நீர் இயந்திரம் விற்க வந்தவர், ரத்தத்தில் உள்ள அமிலம் போய்விடும் என்கிறார். வாங்கலாமா?

அதற்காக வாங்க வேண்டாம். பிஹெச் 9 உள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் ஹைட்ராக்சைடு 10 மைக்ரோமோல்தான். பிஹெச் 2 உள்ள இரைப்பைச் சாறு வெறும் ஒரு மில்லிலிட்டர் போதும், அதைச் சமன் செய்துவிடும். பைகார்பனேட் கலந்த நீரென்றால் இன்னும் கொஞ்சம் சாறு தேவைப்படும், அவ்வளவுதான். சாப்பாட்டைப் பொறுத்து சிறுநீரின் பிஹெச் மாறலாம். ரத்தத்தில் அப்படி மாற உடல் விடாது.

பள்ளி ஆசிரியர்: அமினோ அமிலத்தில் அமிலத் தொகுதியும் காரத் தொகுதியும் ஒரே மூலக்கூறில் இருக்கின்றனவே, ஒன்றையொன்று நடுநிலையாக்காதா?

ஆக்குகின்றன, ஐயா. கார்பாக்சில் தொகுதி தன் புரோட்டானை அமினோ தொகுதிக்குக் கொடுத்துவிடுகிறது. சுவிட்டர் அயனி என்பது அதுதான். அதனால்தான் அசிட்டிக் அமிலம் 17 டிகிரியிலேயே உருக, கிளைசின் உப்பைப் போல 230 டிகிரிக்கு மேல் தாங்குகிறது. சுமையில்லாத வடிவத்தைக் கரும்பலகையில் வரைகிறோம். நீரில் அது கிட்டத்தட்ட இருப்பதே இல்லை. தயவுசெய்து மாணவர்களுக்குச் சுமையோடு வரையக் கற்றுக்கொடுங்கள்.

நிகரச் சுமை சுழியாகும் பிஹெச்தான் சமமின்புள்ளி. பாலில் உள்ள கேசீன் என்ற புரதத்துக்கு அது 4.6. பாலின் பிஹெச் 6.6 அளவில் இருக்கும்போது கேசீன் துகள்கள் எதிர்மின்சுமையால் ஒன்றையொன்று விலக்குகின்றன. லாக்டிக் அமிலம் கூடக்கூட அந்தச் சுமை குறைந்து, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. தயிர் உறைகிறது.

பிளஸ் டூ மாணவி: முட்டையை வேகவைத்தால், புரதத்தில் அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பு உடையுமா?

உடையாது. குலைவது மடிப்பு மட்டும். புரதம் மடியும்போது நீர்வெறுக்கும் பக்கத்தொகுதிகள் உள்ளே ஒளிந்துகொள்கின்றன. மேலே சொன்ன எண்ணெய்க் கதைதான். சூட்டில் அவை வெளியே வந்து, பக்கத்துப் புரதத்தின் அதே மாதிரித் தொகுதிகளோடு ஒட்டி வலையாகிவிடுகின்றன. ஆனால் குலைந்தது திரும்பாது என்று விதி ஏதும் இல்லை. 124 அமினோ அமிலம் கொண்ட ரைபோநியூக்ளியேஸ் நொதியை அமெரிக்க வேதியியலாளர் ஆன்பின்சன் யூரியாவால் குலைத்தார், மடிப்பைப் பிடித்து வைக்கும் டைசல்பைடு (கந்தக-கந்தக) பிணைப்புகளையும் அறுத்தார். பின்பு அந்த வேதிப்பொருள்களை நீக்கிக் காற்றுப்படும்படி விட்டபோது நொதி தானாக மடிந்து மறுபடி வேலை செய்தது. 1972-ல் நோபல் பரிசு.

ஆய்வக உதவியாளர்: ராமச்சந்திரன் வரைபடத்தை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

தேவையில்லை. 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வெளியிட்டது அது. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் படம். அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்கக்கூடாது என்பதுதான் அடிப்படை நிபந்தனை. கிளைசினுக்கு ஏன் அதிக இடம், புரோலினுக்கு ஏன் குறைவு என்று புரிந்தால் படம் தானாக நினைவில் நிற்கும்.

நர்சிங் மாணவி: அரிவாள் செல் சோகையில் ஒரே ஒரு அமினோ அமிலம்தானே மாறுகிறது. அதற்கா இவ்வளவு வலி?

நம் மாநிலத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்தப் பண்பு இருப்பதை 1952-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலியில் 6-ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின். நீரை விரும்பும், சுமையுள்ள ஒன்று போய், நீரை வெறுக்கும் ஒன்று புரதத்தின் வெளிப்பக்கத்தில் வந்து உட்கார்கிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட்டதும் அந்த வாலின் பக்கத்து மூலக்கூறின் பள்ளத்தில் பொருந்தி, நீண்ட இழைகளாகி, சிவப்பணுவை வளைக்கிறது. வளைந்த செல்கள் நுண்குழாய்களை அடைப்பதால் வலி. சிவப்பணுவுக்குள் நீர் குறைந்தால் ஹீமோகுளோபின் செறிவு கூடி இழை இன்னும் வேகமாக உருவாகும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது அதனால்தான். ஹைட்ராக்சியூரியா மருந்து வேறு வழியில் உதவுகிறது: கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது. அதில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி இருப்பதால் இழை உருவாவது தடைபடுகிறது.