கிளாஸை நீட்டுகிற கைக்குத் தெரிய வேண்டிய சட்டம்

நாகர்கோவில், கன்னியாகுமரி, மார்த்தாண்டம் பக்கத்து ஹோட்டல்களில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் அனுப்பிய கேள்விகள் இவை. ஸ்டூவர்டாகச் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஹோட்டல் பாரில் நின்றவன் நான். இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்.

அண்ணே, சிலரைப் பார்த்தால் சின்னப் பையன் மாதிரி இருக்கிறது. வயது கேட்டால் கோபப்படுகிறார்கள். கேட்டே ஆகணுமா? (பயிற்சி ஸ்டூவர்ட், கன்னியாகுமரி)

கேட்டே ஆகணும் தம்பி. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது கொடுக்கக் கூடாது. களியக்காவிளை தாண்டினால் கேரளாவில் அது 23. 2017இல்தான் 21இலிருந்து உயர்த்தினார்கள். அங்கே கிடைக்காத 21, 22 வயதுக்காரர்கள் இங்கே வந்து உட்கார்ந்தால் கொடுக்கலாம், இங்கே நம் சட்டம்தான். ஆனால் அந்த மேஜையிலேயே ஒரு பத்தொன்பது வயதும் கலந்து உட்கார்ந்திருக்கலாம்.

முதல் சுற்று ஊற்றும் முன்பே, மேஜையில் இளசாகத் தெரிகிற எல்லாரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். ஒருவரை மட்டும் தனியாகக் கேட்டால்தான் கோபம் வருகிறது. பழைய ஆதார் அட்டை பலவற்றில் பிறந்த வருடம் மட்டும்தான் இருக்கும். அதை வைத்து 21 நிரம்பியதா என்று சொல்ல முடியாது, டிரைவிங் லைசென்ஸ் கேளுங்கள். போனில் இருக்கும் படத்தை ஏற்காதீர்கள், அட்டையைக் கையில் வாங்குங்கள். ஒருமுறை ஒரு பையன் லைசென்ஸைக் காட்டினான், பெருவிரல் பிறந்த தேதி மேலேயே இருந்தது. “விரலை எடுங்க மக்கா” என்றேன். எடுத்தான். இன்னும் நாலு மாதம் பாக்கி. லைம் சோடா கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனான்.

ஒருவருக்குப் போதை நல்லா ஏறிவிட்டது, இன்னும் ஒரு லார்ஜ் கேட்கிறார். மேனேஜர் ‘கொடு, பில் ஏறட்டும்’ என்கிறார். நான் என்ன செய்ய? (நாகர்கோவில்)

என் ஆரம்ப காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஹோட்டல் பெயர் வேண்டாம். ஐந்தாவது லார்ஜ் கேட்டவரின் பைக் சாவி மேஜையில், கடலைத் தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. பார்த்துக்கொண்டேதான் ஊற்றினேன். அவர் கொட்டாரம் தாண்டவில்லை. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. மறுநாள் அவர் மனைவி பார் வாசலில் வந்து நின்று, “கடைசியா ஊத்தினது யாரு?” என்று கேட்டார். நாங்கள் ஆறு பேர் நின்றோம். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. இந்தப் பயிற்சியை நான் தொடங்கினதே அதனால்தான்.

வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் விட்டிருக்கிற அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அதைத் தாண்டிப் பிடிபட்டால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். உங்கள் மேஜைக்காரர் அந்த அளவை எப்போதோ தாண்டியிருப்பார். அவரிடம் ‘முடியாது’ என்று தொடங்காதீர்கள். முதலில் தண்ணீர், அப்புறம் சாப்பாடு, அடுத்த கிளாஸைத் தாமதப்படுத்துங்கள். “சார், ஆட்டோ சொல்லவா? வண்டி இங்கேயே பத்திரமா இருக்கட்டும்” என்று கேளுங்கள். கூட வந்தவர்களில் தெளிவாக இருப்பவரிடம் தனியாகப் பேசுங்கள். மேனேஜர் வற்புறுத்தினால், நேரமும் மேஜை எண்ணும் எழுதி, “நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுங்க சார், ஊத்துறேன்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். இதுவரை ஒரு மேனேஜரும் எனக்குக் கையெழுத்துப் போட்டதில்லை.

அக்டோபர் 2 அன்று ரூமில் தங்கியிருக்கும் விருந்தினர் கேட்டால்? (கன்னியாகுமரி)

கொடுக்கக் கூடாது. காந்தி மண்டபத்தில் அஸ்தி வைத்திருந்த இடத்தில் வெயில் விழுவதைப் பார்க்க ஊரே நிறைந்திருக்கும் நாள் அது. ‘ரூம் சர்வீஸ்தானே’ என்று நினைக்காதீர்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, திருவள்ளுவர் தினம், மிலாடி நபி போன்ற நாட்களும் அப்படித்தான். கலெக்டர் அலுவலக அறிவிப்பை பார் கவுண்டரில் ஒட்டி வையுங்கள். தேர்தல் என்றால் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் முழுக்க மூடியிருக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135சி பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

எங்கள் ஹோம்ஸ்டேயில் கேட்கிறவர்களுக்கு பீர் வாங்கி வைத்து விற்கலாமா? (முட்டம்)

கூடாது அக்கா. 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்றைக்கும் நடப்பில்தான் இருக்கிறது. உரிமம் இல்லாமல் ஒரு பாட்டில் விற்றாலும் குற்றம். ஹோட்டல் பாருக்கு எஃப்எல்3, கிளப்புக்கு எஃப்எல்2 என்று தனித்தனி உரிமம் உண்டு.

கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷனுக்கு? (தக்கலை)

2023இல் அரசு அதற்கு வழி திறந்தது, எதிர்ப்பு வந்ததும் மண்டபங்களை நீக்கிவிட்டது. கேட்டரிங்காரர் ‘பார்த்துக்கலாம்’ என்றால் நீங்கள் அந்த வேலைக்குப் போகாதீர்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் கள் கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய அக்கானி, அதாவது பதநீர் கொடுங்கள், இனிப்பாக இருக்கும், சட்டச் சிக்கலும் இல்லை.

இங்கிலாந்தில் பப் வேலைக்கு ‘பார் லைசென்ஸ்’ எடுத்துத் தருவதாக ஒரு ஏஜென்ட் அறுபதாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா? (மார்த்தாண்டம்)

கொடுக்காதீர்கள் தம்பி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 லைசென்சிங் சட்டப்படி, பப்பில் கிளாஸ் நீட்டுகிற எல்லாருக்கும் பெர்சனல் லைசென்ஸ் (மது விற்க ஒருவர் பெயரில் தரும் உரிமம்) தேவையில்லை. அதை வைத்திருக்கும் ஒருவர் மற்றவர்களுக்கு விற்க அனுமதி கொடுத்தால் போதும். அதை எடுக்க 18 வயது ஆகியிருக்க வேண்டும், தேர்வில் 40 கேள்விகளில் 28 சரியாக இருக்க வேண்டும், குற்றப் பின்னணிச் சான்று வேண்டும், கட்டணம் 37 பவுண்டு. முக்கியமாக, அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும். விசா இல்லாமல் இங்கே இருந்துகொண்டு அது கிடைக்காது. ஸ்காட்லாந்துக்குச் சட்டம் வேறு. அங்கே பரிமாறும் முன் ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு மணி நேரப் பயிற்சி கட்டாயம்.

போக வாய்ப்பு கிடைத்தால் இப்போதே இரண்டு பழக்கங்களை மாற்றுங்கள். 30, 60 மில்லி ஊற்றிப் பழகிய நம் கை அங்கே ஒத்துவராது, விஸ்கிக்கு 25 அல்லது 35 மில்லி அளவுதான். வயது வரம்பு அங்கே 18, ஆனாலும் பல பப்களில் 25க்குக் கீழ் தெரிகிற எல்லாரிடமும் அட்டை கேட்கிறார்கள். போதையில் இருப்பவருக்கு விற்பது அங்கே விற்றவர் மீதே குற்றம், 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு.

பெர்சனல் லைசென்ஸைக் கொடுப்பது அங்கே நீங்கள் குடியிருக்கும் ஊர் கவுன்சில். ஏஜென்டிடம் எந்த ஊர் கவுன்சில் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.