ஏரிக்குக் கீழே கறுப்புச் சேறு: வடிகால் வெட்டும் முன்

வணக்கம் அண்ணா. காவேரிப்பட்டணம் பக்கம் ஏரிக்குக் கீழே அரை ஏக்கர், கால் புதைகிற கறுப்பு மண், பீட் நிலம் (நீரில் மக்காமல் சேர்ந்த தாவரங்களால் ஆன மண்) என்கிறார்கள், ஆழமாக வடிகால் வெட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அவசரப்படாதீர்கள். ஒரு கட்டியை எடுத்து நன்றாகக் காயவைத்து அடுப்பில் போடுங்கள். பீட் என்றால் புகைந்து புகைந்து கனன்று கொஞ்சம் சாம்பல் மட்டும் மிஞ்சும். ஏரி வண்டல் செங்கல் மாதிரி இறுகும். உங்களுடையது வண்டலாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. நம் பக்கம் பீட் என்றால் நீலகிரி மேட்டுச் சதுப்புகள்தான்.

பீட் நிலத்தை வடித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். இங்கிலாந்தில் விட்டில்சி என்ற பெரிய ஏரியை 1850களின் தொடக்கத்தில் வடித்து வயலாக்கினார்கள். பக்கத்துப் பீட் சதுப்பில் அப்போது தரைமட்டத்துக்குப் புதைத்த இரும்புத் தூண் இன்று சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. தண்ணீர் போனதும் மண் சுருங்கியது. அப்புறம் காற்றுப் பட்டு, அதுவரை மக்காமல் கிடந்த தாவரமெல்லாம் மக்கிக் கரைந்துபோனது. போன மண் திரும்பாது.

வண்டல்தான் என்றால் கவலை வேண்டாம். கரையோரம் கசிவு எங்கே என்று முதலில் பாருங்கள். கரையை விட்டுத் தள்ளி, முழங்கால் ஆழத்தில் ஒரு வாய்க்கால் போதும். கரை அடியில் மட்டும் தோண்டிவிடாதீர்கள், கரையே பலவீனமாகிவிடும். தென்னையை மேடு கட்டி வையுங்கள், ஈரம் நிற்கிற பள்ளத்தில் நெல்லே போடலாம்.