சிக்னல் எங்கே வெட்டுப்படுகிறது? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே புகார்தான்: சென்சாரிலிருந்து வரும் சிக்னல் ஓரளவுக்கு மேல் ஏறாமல் தட்டையாக நின்றுவிடுகிறது, அதை அளந்து பதிவு செய்யும் டேட்டா கார்டு போய்விட்டதா? கார்டைக் கழற்றும் முன் எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். கார்டின் எல்லையிலேயே நின்றால் முதலில் ரேஞ்ச் செட்டிங்கைப் பாருங்கள். எல்லைக்குக் கீழேயே நின்றுவிட்டால் வெட்டு வேறெங்கோ விழுகிறது.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரி இறுதியாண்டு புராஜெக்ட். சென்சார், எல்எம்358 ஆம்ப்ளிஃபயர், ஆர்டுயினோ ஊனோ மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, எல்லாமே 5 வோல்ட்டில். ரீடிங் 720ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. (அங் மோ கியோ)

பதில்: ஊனோ தன் எல்லையான 5 வோல்ட்டில் முட்டினால் 1023 காட்டும். 720 என்றால் சுமார் 3.5 வோல்ட். எல்எம்358இன் அவுட்புட் சப்ளைக்குச் சுமார் 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். பழுதல்ல, அதன் பிறவிக் குணம். சப்ளையை ஒட்டி ஏறக்கூடிய எம்சிபி6002 ஆம்ப்ளிஃபயர் போடுங்கள். கால் வரிசை ஒன்றுதான், பழையதைப் பிடுங்கிவிட்டு அப்படியே சொருகலாம். அதற்கு 6 வோல்ட்டுக்கு மேல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உதிரிபாகம் வாங்க சிம் லிம் டவருக்குப் போக நேரமில்லையா, கெயினை (பெருக்கும் அளவை) குறைத்து உச்சத்தை 3 வோல்ட்டுக்குள் அடக்குங்கள்.

கேள்வி: ஆலையில் பிரஷர் டிரான்ஸ்மிட்டர், அழுத்தத்தை 4–20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக அனுப்பும். போன மாதம் வரை நன்றாக இருந்தது, இப்போது 17க்கு மேல் ஏறவில்லை. டிரான்ஸ்மிட்டரையே மாற்றியும் அதே கதை. (துவாஸ்)

பதில்: போன மாதம் அந்த லூப்பில் (மின்னோட்டம் ஓடும் சுற்றில்) ரெக்கார்டரோ டிஸ்ப்ளேயோ புதிதாகச் சேர்த்திருப்பீர்கள் என்பது என் ஊகம். கணக்கைப் பாருங்கள். சப்ளை 24 வோல்ட். டிரான்ஸ்மிட்டருக்குக் குறைந்தது 12 வோல்ட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உங்களுடையதற்கு எவ்வளவு என்று டேட்டாஷீட்டில் இருக்கும். மீதி 12 வோல்ட்தான் மற்ற எல்லாவற்றுக்கும். ஆலையின் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியில் 250 ஓம், ரெக்கார்டரில் 250 ஓம், நடுவில் மின்சக்தியைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு பேரியர் ஒரு 200 ஓம், ஆக 700. 12ஐ 700ஆல் வகுத்தால் 17 மில்லி ஆம்பியர் சொச்சம். டிரான்ஸ்மிட்டர் 20 அனுப்பத் தயார்தான், தள்ளுவதற்கு வோல்ட்டேஜ் இல்லை.

உறுதி செய்ய, 17இல் நிற்கும்போதே டிரான்ஸ்மிட்டரின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 12ஐ ஒட்டிக் காட்டினால் வேறெங்கும் தேட வேண்டாம். பேரியர் போட்டிருக்கிறார்கள் என்றால் அது வெடி அபாயப் பகுதியாக இருக்கும். பெர்மிட் இல்லாமல் மூடியில் கை வைக்காதீர்கள்.

தீர்வு சுலபம். ரெக்கார்டரின் 250 ஓமை எடுத்துவிடுங்கள். பிஎல்சியின் 250 ஓம் மீது கிடைக்கும் 1–5 வோல்ட்டையே ரெக்கார்டருக்கும் இணையாகக் கொடுங்கள், இரண்டின் கிரவுண்டும் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சப்ளையை 30 வோல்ட் ஆக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். பேரியர் இருக்கும் லூப்பில் அந்த விளையாட்டே வேண்டாம்.

அப்புறம், ரெக்கார்டர் ரேஞ்சை 0–5 வோல்ட் என்று வைக்காதீர்கள். சென்சார் பழுதானால் பல டிரான்ஸ்மிட்டர்கள் 21 மில்லி ஆம்பியருக்கு மேல் அனுப்பித் தெரிவிக்கும். 250 ஓமில் 21 என்பது 5.25 வோல்ட். 5இலேயே வெட்டிவிட்டால், பழுதும் முழு அழுத்தமும் திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும். 0–10 வையுங்கள்.

கேள்வி: மோட்டார் அதிர்வை அளக்கும் ஐஇபிஇ சென்சார், உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ள வகை. மேல் பாதி மட்டும் வெட்டுப்படுகிறது, கீழ்ப் பாதி சுத்தம். சப்ளை இரண்டு 9 வோல்ட் பேட்டரி. (உட்லண்ட்ஸ்)

பதில்: பேட்டரிதான். சென்சாரின் பயஸ், அதாவது அதிர்வே இல்லாதபோது அது நிற்கும் இடம், 12 வோல்ட் என்றால், ±5 வோல்ட் ஆட 17 வரை ஏற வேண்டும். உங்களிடம் இருப்பது புதிதாக இருந்தாலே 18, அதிலும் சென்சாருக்கு மின்னோட்டம் கொடுக்கும் சுற்று தன் பங்குக்கு ஒன்றிரண்டு வோல்ட் எடுத்துக்கொள்ளும். 24 வோல்ட் சப்ளைக்கு மாறுங்கள்.

கேள்வி: வெட்டுப்பட்ட பதிவை மென்பொருளால் மீட்க முடியுமா?

பதில்: போன உச்சியை ஊகித்து வரையலாம், அது அளவீடு ஆகாது. ஆர்எம்எஸ் (அலையின் பயனுறு அளவு) குறைவாக வரும், சிக்னலில் இல்லாத ஹார்மோனிக்குகள் (மடங்கு அதிர்வெண்கள்) எஃப்எஃப்டியில், அதாவது அதிர்வெண் பகுப்பாய்வில், முளைக்கும். திரும்ப அளந்துவிடுங்கள்.

கேள்வி: அலுவலகக் கட்டடத்தில் 230 வோல்ட் மெயின்ஸை, தனிமைப்படுத்திய வோல்ட்டேஜ் சென்சார் வழியாகப் பதிவு செய்கிறோம். உச்சி ±4 வோல்ட்டைக்கூடத் தொடவில்லை, கார்டு ரேஞ்ச் ±10. இருந்தும் தலை மழுங்கியிருக்கிறது. (ஜூரோங்)

பதில்: ஒருவேளை மின்சாரமே அப்படித்தான் வருகிறதோ என்னவோ. கணினிகளின் பவர் சப்ளையில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தை இழுக்கும். ஒரே மாடியில் நூற்றுக்கணக்கில் இழுத்தால் உச்சி தேய்ந்துபோகும். பாடப்புத்தகம் சொல்லும் 325 வோல்ட் உச்சம் அங்கே கிடைக்காது.

சென்சாரின் அவுட்புட்டைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். மழுங்கல் அதே வடிவில் பாதி உயரத்துக்கு இறங்கினால் கார்டின் மேல் பழி இல்லை. மெயின்ஸ் அல்லது சென்சார். அலை உருண்டையாகத் திரும்பினால் சென்சாருக்குப் பின்னால் ஏதோ ஒன்று வெட்டுகிறது. மெயின்ஸா சென்சாரா என்று பிரிக்க, ராத்திரி எல்லாரும் கணினியை அணைத்துவிட்டுப் போன பிறகு ஒரு பதிவு எடுங்கள். சென்சாரை இடம் மாற்ற விநியோகப் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தால், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.