கேர்னல் ஓட்டைகளும் அப்டேட்டும்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கமிருந்து வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். என் வேலை லினக்ஸ் சேர்வர்களோடு என்பதால் அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்வேன். விண்டோஸ், போன் கேள்விகளுக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

புதுக்குடியிருப்பு, தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஆசிரியை: கேர்னலில் ஓட்டை என்றால் என்ன? மற்ற மென்பொருள் ஓட்டையை விட அது ஏன் மோசம்?

ரீச்சர், கேர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. மெமரி, டிஸ்க், நெட்வேர்க் எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். எந்தப் பயனாளர் எதைத் தொடலாம் என்று தீர்மானிப்பதும் அதுதான். பிரவுசரில் பிழை இருந்தால் அந்தப் பிரவுசரை ஓட்டுகிற பயனாளரின் உரிமை அளவுக்குத்தான் பெரும்பாலும் ஆபத்து. கேர்னலிலேயே பிழை என்றால், உரிமையைச் சரிபார்க்கிற இடமே கைமாறிவிடும்.

மாணவர்களுக்குச் சொல்ல நல்ல உதாரணம் டேர்ட்டி கவ் என்ற லினக்ஸ் கேர்னல் ஓட்டை. படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பில் சாதாரணப் பயனாளர் ஒருவர் எழுத அது இடம் கொடுத்தது. ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்தும் அந்தச் சிறு இடைவெளிதான் ஓட்டை. 2007 இல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்து 2016 ஒக்டோபர் வரை அது உள்ளேயே இருந்தது.

மாங்குளம், கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் தம்பி: உபுண்டு லினக்ஸ் 22.04 இல் தானாக அப்டேட் ஆகும்படி விட்டிருக்கிறேன். இனிக் கவலை இல்லைத்தானே அண்ணை?

பாதி வேலைதான் முடிந்திருக்கிறது தம்பி. மற்றப் பாதியைத்தான் எல்லாரும் விடுகிறார்கள்.

பிரவுசரை அப்டேட் செய்தால் மூடித் திறந்தால் போதும். கேர்னல் அப்படியில்லை. புதிய கேர்னல் டிஸ்கில் ‘பூட்’ (/boot) என்ற இடத்தில் வந்து உட்காரும். ஆனால் கணினி ஆரம்பித்தபோது மெமரியில் ஏற்றிய பழைய கேர்னல்தான், ரீஸ்டார்ட் செய்யும் வரை ஓடிக்கொண்டிருக்கும். பதிவேட்டில் ‘அப்டேட் வெற்றி’ என்று இருக்கும், ஓட்டையும் அப்படியே இருக்கும்.

டேர்மினலில் ‘யூநேம் -ஆர்’ (uname -r) என்று அடித்துப் பாருங்கள். ஓடுகிற கேர்னலின் எண் வரும். நிறுவப்பட்டதில் புதியது வேறு எண் என்றால் உடனே ரீஸ்டார்ட் செய்யுங்கள். தானியங்கி அப்டேட்டின் அமைப்புக் கோப்பிலேயே, தேவைப்படும்போது இரவில் குறித்த நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகச் சொல்லும் வரி இருக்கிறது. வழக்கமாக அது நிறுத்தியே இருக்கும். கடைக் கணினிதானே, இரவு இரண்டு மணிக்குப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று: ‘பூட்’ தனிப் பிரிவாக இருந்து நிரம்பிவிட்டால் புதிய கேர்னல் ஏறவே ஏறாது. ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ (sudo apt autoremove) போட்டுப் பழையவற்றைக் கழியுங்கள்.

மல்லாவி, பாடசாலை ஆய்வுகூடப் பொறுப்பாளர்: பன்னிரண்டு கணினி, ஒரே ஒரு டொங்கிள். எல்லாவற்றையும் அப்டேட் செய்தால் டேட்டா தீர்ந்துவிடும்.

இதை எங்கள் பக்கத்தின் உண்மையான பிரச்சினையாகத்தான் பார்க்கிறேன். கேர்னல் அப்டேட் ஒன்று, கூட வரும் தொகுதிகளோடு சேர்த்தால் நூறு எம்பியைத் தாண்டலாம். அதைப் பன்னிரண்டு முறை இறக்குவது வீண்.

உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸ் என்றால் ‘ஆப்ட்-கேஷர்-என்ஜி’ (apt-cacher-ng) என்ற இலவச மென்பொருளை ஒரு கணினியில் நிறுவுங்கள். மற்றப் பதினொன்றுக்கும் அதையே ப்ராக்ஸியாக, அதாவது இடையில் நின்று எடுத்துக் கொடுக்கும் கணினியாகக் காட்டுங்கள். முதற்கணினி கேட்கும் தொகுதி ஒருமுறை இறங்கிச் சேமிப்பில் நிற்கும், மற்றவை அங்கிருந்தே எடுக்கும். பழைய லப்டொப் ஒன்று போதும். இரவு டேட்டா உள்ள பொதி என்றால் இறக்கும் நேரத்தையும் இரவுக்கு மாற்றலாம்.

விண்டோஸ் 10, 11 இல் இதற்கு ‘டெலிவரி ஒப்டிமைசேஷன்’ இருக்கிறது. உள்ளூர் வலையில் உள்ள கணினிகளோடு பகிரும்படி மட்டும் வையுங்கள். இணையத்தில் உள்ள கணினிகளோடும் பகிர விட்டால் உங்கள் டேட்டாதான் வெளியே போகும்.

முடிந்ததும் பன்னிரண்டையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

முறிகண்டி: எந்த அன்டிவைரஸ் நல்லது?

இது வேறு விஷயம். கேர்னல் ஓட்டையை அன்டிவைரஸ் அடைக்காது.

வவுனியா, நிறுவனமொன்றின் சேர்வரைப் பார்க்கும் அண்ணை: எங்கள் சேர்வர் உபுண்டு 18.04, கேர்னல் 4.15. பல வருடமாக நிற்காமல் ஓடுகிறது. டேர்ட்டி பைப் என்ற கேர்னல் ஓட்டை வந்தபோது 5.8 இலிருந்து மேலே உள்ளவைதான் மாட்டின, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிய கேர்னல் புதிய பிழையைத்தானே கொண்டுவரும்?

டேர்ட்டி பைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. வாடிக்கையாளர் ஒருவரின் லொக் கோப்புகள் பழுதாகின்றன என்று தேடிப்போன மாக்ஸ் கெல்லர்மான், 2022 மார்ச்சில் அதை வெளியிட்டார். 5.8 க்கு முந்தியவை தப்பின. ஆனால் அந்த ஒன்றை வைத்து விதி எழுதக்கூடாது. டேர்ட்டி கவ் ஒன்பது வருடம் பழைய கோட்டில்தான் இருந்தது. கேர்னலில் நெட்வேர்க் போக்குவரத்தை வடிகட்டும் பகுதி நெட்ஃபில்டர். அதில் 2024 இல் பேசப்பட்ட ஓட்டை (ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொது அடையாள எண்ணில் சிவிஇ-2024-1086) 3.15 பதிப்பிலிருந்தே உள்ளது. உங்கள் 4.15 அதற்குள் வருகிறது.

அதே அண்ணை: அந்த நெட்ஃபில்டர் ஓட்டைக்கு வெளியான தாக்குதல் நிரல் 5.14 க்கு மேல்தான் வேலை செய்யும் என்று படித்தேன்.

வெளியான நிரல் அப்படித்தான். நிரல் ஓடவில்லை என்பதற்காக ஓட்டை இல்லை என்று ஆகாது. திருத்தம் வெளிவந்தால் எந்த வரி மாறியது என்று எல்லாரும் பார்க்கலாம். ஓட்டை எங்கே என்பதை அந்த வரியே காட்டிவிடும். இந்த ஓட்டைக்கு 2024 தொடக்கத்தில் திருத்தம் வந்தது, மார்ச்சில் தாக்குதல் நிரல் பொதுவில் வந்தது, மே மாதம் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சீசா இதை ‘நடைமுறையில் பயன்படுத்தப்படுகிறது’ என்ற பட்டியலில் சேர்த்தது. திருத்தம் வந்த நாளிலிருந்து, திருத்தாத கணினிக்கு ஆபத்துக் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

மறுபடியும் அவரே: அதற்கு முதலில் சேர்வருக்குள் ஒரு கணக்கு வேண்டுமே. எங்களிடம் கணக்கு வைத்திருப்பது இரண்டே பேர். வன்னியில் இருக்கிற சேர்வரை யார் தேடி வரப்போகிறார்கள்?

இந்த நினைப்போடுதான் நான் சண்டை பிடிக்கிறேன் அண்ணை. இணையத்தளத்தில் படம் ஏற்றும் பகுதியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் போதும், வெளியாள் ஒருவர் வெப் சேர்வரின் கணக்கில் கட்டளை ஓட்டுவார். அந்தக் கணக்குக்குப் பெரிய உரிமை இல்லைத்தான். ஆனால் கேர்னல் ஓட்டையும் திறந்திருந்தால் அடுத்த படி ரூட், அதாவது எல்லா உரிமையும் உள்ள கணக்கு. சின்ன ஓட்டையும் பெரிய ஓட்டையும் சேர்ந்துதான் வீடு போகிறது. தேடி வருகிறவர் ஊரைப் பார்ப்பதில்லை. ஐபி முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்ப்பது நிரல். அதற்கு ஏ9 வீதியும் தெரியாது, இரணைமடுவும் தெரியாது.

நிற்காமல் பல வருடம் ஓடியது என்றால், அத்தனை வருடமும் எந்தக் கேர்னல் திருத்தமும் ஏறவில்லை என்றுதான் நான் எடுப்பேன். 18.04 க்குரிய சாதாரண ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்தது. உபுண்டு ப்ரோ என்ற சந்தா எடுத்தால் தொடர்ந்து திருத்தம் வரும். தனிப்பட்ட பாவனைக்கு ஐந்து கணினி வரை இலவசம், நிறுவனம் என்றால் நிபந்தனையைப் பார்த்து எடுங்கள். என் ஆலோசனை: தரவை இரண்டு இடத்தில் பக்கப் எடுத்து, வேறொரு கணினியில் 24.04 போட்டுப் பரீட்சித்துப் பார்த்து மாறுங்கள்.

அறிவியல்நகர், பொறியியல் மாணவர்: அப்படியென்றால் ஆகக் கடைசிக் கேர்னலை நானே இறக்கிப் போட்டால் நல்லதா அண்ணா? 5.15 பழசாக இருக்கிறதே.

வேண்டாம் தம்பி. உபுண்டு 22.04 இன் 5.15 உம் டெபியன் 12 இன் 6.1 உம் எண்ணில்தான் பழசு. பாதுகாப்புத் திருத்தங்களை அந்தந்த விநியோகத்தார் பழைய பதிப்புக்கே பின்னோக்கிக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். உபுண்டுவில் ‘5.15.0’ என்ற முன்பகுதி மாறாது, இடைக்கோட்டுக்குப் பின்னுள்ள எண் ஏறிக்கொண்டே போகும். பார்க்க வேண்டியது அதை. நீங்களே இறக்கிப் போட்ட கேர்னலுக்குத் தானாக எந்தத் திருத்தமும் வராது, ஒரு மாதத்தில் மறந்துவிடுவீர்கள்.

லைவ்பேட்ச் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஓடுகிற கேர்னலில் பிழையான செயற்கூறை அழைக்கும்போது திருத்திய செயற்கூறுக்குத் திருப்பிவிடுவது அதன் வேலை. நல்ல தொழில்நுட்பம், எனக்கும் பிடிக்கும். ஆனால் கடுமையான ஓட்டைகளுக்கு மட்டும்தான் வரும். ரீஸ்டார்ட்டைத் தள்ளிப்போடலாம், தவிர்க்க முடியாது.

ஒட்டுசுட்டான்: தானியங்கி அப்டேட் போட்டிருக்கிறேன், போதுமா?
நெடுங்கேணி: அப்டேட் வெற்றி என்று வந்தது. ரீஸ்டார்ட் கட்டாயமா?
பரந்தன்: ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டால் என்ன?

மூவரும் மாங்குளத்துத் தம்பிக்கு எழுதிய பதிலைப் படியுங்கள். ஆம், கட்டாயம். ‘யூநேம் -ஆர்’.

துணுக்காய்: கடையில் போட்டுத் தந்த கிரக் விண்டோஸ் 7. அப்டேட்டை நிறுத்தித்தான் தந்தார்கள்.

விண்டோஸ் 7 க்கு ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. வன்னாக்ரை 2017 மே மாதம் பரவியது. அது புகுந்த ஓட்டைக்குத் திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. மாட்டியவை திருத்தத்தைப் போடாத கணினிகள். பழைய கணினி என்றால் இலகுவான லினக்ஸ் ஒன்று போடுங்கள்.

முல்லைத்தீவு, தங்கச்சி ஒருவர்: போனில் எப்படிப் பார்ப்பது?

செட்டிங்ஸில் அன்ட்ரொய்ட் பாதுகாப்புத் திருத்தத் திகதி இருக்கும். அது வருடம் கடந்து நின்றால், அந்தப் போனில் வங்கி வேலை செய்யாதீர்கள்.

விசுவமடு: அப்டேட் நடுவில் கரண்ட் போனால் கணினி செத்துவிடுமா?

பெரும்பாலும் இல்லை. உபுண்டுவில் பழைய கேர்னல் அழியாமல் இருக்கும். ஆரம்பத்தில் வரும் கிரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ போய்ப் பழையதைத் தெரிவு செய்து உள்ளே வாருங்கள். பிறகு ‘சுடோ டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ’ (sudo dpkg --configure -a) போட்டால் விட்ட இடத்திலிருந்து முடிக்கும். மழைக்காலத்தில் லப்டொப் பற்றரியிலோ யூபிஎஸ்ஸிலோ வைத்துச் செய்யுங்கள். அப்டேட்டுக்குப் பின் வைஃபை வரவில்லை என்று எழுதியவருக்கும் இதே வழிதான்: பழைய கேர்னலில் ஏறி, டிரைவரைக் கட்டத் தேவையான, புதியதற்குரிய ஹெடர்ஸ் தொகுதியை நிறுவினால் டிரைவர் திரும்பக் கட்டப்படும். அது முடிந்ததும் புதிய கேர்னலுக்கே திரும்புங்கள், பழையதிலேயே தங்கிவிடாதீர்கள்.