ஓவரால் 67 சரி, எதில் 67?

கேள்வி: எங்கள் ஆன்லைன் பாஸ்கெட்பால் சிமுலேஷன் லீக்கில் (ஆட்டத்தைக் கணினி ஆடும், அணியை நாங்கள் நடத்துவோம்) 30 அணிகள், 30 மேலாளர்கள். சென்ற சீசனில் என் அணி பிளே ஆஃப் இரண்டாவது சுற்றோடு வெளியேறியது. ஒரு சீனியர் வீரரைச் சேர்த்தால் கோப்பை வரை போகலாம் என்று நினைக்கிறேன். ஐந்து பேர் கிடைக்கும் நிலையில் இருக்கிறார்கள்: 34 வயது பாயிண்ட் கார்டு (ஓவரால், அதாவது மொத்த ரேட்டிங், 67), 33 வயது ஃபார்வர்டு (65, ஒப்பந்தம் இன்னும் 3 வருடம்), 37 வயது சென்டர் (63), 38 வயது முன்னாள் எம்விபி, அதாவது சிறந்த வீரர் விருது வாங்கியவர் (61), 35 வயது மூன்று புள்ளி ஷூட்டர் (60). இன்னொரு மேலாளர் ‘லீக்கின் டாப் 10 சீனியர்கள்’ என்று பட்டியல் போட்டிருக்கிறார். அதில் அந்த கார்டுக்குத்தான் முதலிடம். கார்டு வேறொருவர் அணியில் இருக்கிறார். என் ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக்கையும் (புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றுத் தேர்வு உரிமை) 21 வயது வீரர் ஒருவரையும் கொடுத்தால், பட்டியல் போட்டவரே மூன்று அணி டிரேடாகப் பேசி முடித்துத் தருகிறாராம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். ஐவரின் ரேட்டிங் பக்கங்களையும் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் எப்படி வரிசைப்படுத்துவீர்கள்?

பதில்: முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். சென்டர், ஷூட்டர், ஃபார்வர்டு, கார்டு, எம்விபி. இதுதான் என் வரிசை. கார்டுக்காக ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் கொடுக்காதீர்கள். 21 வயதுப் பையனையும் கொடுக்காதீர்கள்.

இப்போது நான் கேட்கிறேன். உங்கள் லீக்கில் ப்ரோக்ரஷன் என்றைக்கு? வயதுக்கேற்ப எல்லோருடைய ரேட்டிங்கும் ஏறி இறங்கும் அந்த ஒரு நாளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. வெள்ளிக்கிழமை என்ற கெடு மட்டும் இருக்கிறது. பெரும்பாலான லீக்குகளில் பிளே ஆஃப் முடிந்த கையோடு, டிராஃப்டை ஒட்டி, லீக்கை நடத்தும் கமிஷனர் அதை ஓட்டுவார். உங்கள் லீக்கில் அது சனிக்கிழமை என்றால் எனக்கு ஆச்சரியமே இல்லை. 34 வயதுக்காரரை விற்க நினைப்பவருக்கு ப்ரோக்ரஷனுக்கு முந்தைய நாள்தான் கடைசி முகூர்த்தம். ஆகவே நீங்கள் வாங்கப்போவது 34 வயது 67ஐ அல்ல. 35 வயது என்னவோ ஒன்றை.

சரி, அந்த ‘என்னவோ’ எவ்வளவு இருக்கும்? ஓவரால் என்பது பல எண்களைப் போட்டுக் கலக்கிய கூட்டு. வயதானால் அந்த எண்கள் எல்லாம் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. நான் ரொம்ப எளிமையாகப் பிரித்துக்கொள்வேன்: காலால் ஆடுபவர், கையால் ஆடுபவர். வேகமும் குதிப்பும் முதலில் போகும். ஷூட்டிங், பாஸ், ஆட்டத்தைப் படிக்கும் அறிவு எல்லாம் நின்று நிதானமாகத்தான் போகும். உயரம் போகவே போகாது. பாஸ்கெட்பால் ஜிஎம் என்ற சிமுலேஷன் விளையாட்டில் இதை அப்படியே நிரலாக எழுதி வைத்திருக்கிறார்கள். மூல நிரல் பொதுவில் கிடக்கிறது, யாரும் திறந்து பார்க்கலாம். வேகமும் குதிப்பும் 20களின் கடைசியிலேயே சரியத் தொடங்கும். ஷூட்டிங் எண்கள் 30ஐத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். மற்ற சிமுலேஷன்களிலும் சூத்திரம் வேறாக இருக்குமே தவிரப் போக்கு ஏறக்குறைய இதுதான்.

உங்கள் கார்டின் பக்கத்தைப் பாருங்கள். வேகம் 78, டிரிப்ளிங் 74. மூன்று புள்ளி 41. இவர் முழுக்கக் காலால் ஆடுபவர். அந்த 78 ஒரே ராத்திரியில் 71 ஆனால் பந்தோடு உள்ளே புகுவது நின்றுவிடும். அது நின்றால் வெளியே நின்று போட இவரிடம் ஷூட்டும் இல்லை. ஓவராலில் நான்கைந்து புள்ளிதான் குறைந்ததாகத் தெரியும், ஆனால் களத்தில் ஆளே காணாமல் போயிருப்பார். இதற்கு நேர் எதிர் ஷூட்டர். ஓவரால் 60தான், ஆனால் மூன்று புள்ளி 81. அடுத்த வருடமும் ஏறக்குறைய அதே மனிதராகத்தான் இருப்பார்.

நிஜ ஆட்டத்திலிருந்தே, அமெரிக்காவின் என்பிஏ லீக்கிலிருந்து, ஒரு உதாரணம். 2008 நவம்பரில் டென்வர் அணி ஆலன் ஐவர்சனை டெட்ராய்டுக்குக் கொடுத்து, சான்சி பில்லப்ஸை வாங்கியது. ஐவர்சனுக்கு 33, பில்லப்ஸுக்கு 32. வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. முந்தைய சீசனில் ஐவர்சன் 82 ஆட்டத்திலும் இறங்கி சராசரி 26.4 புள்ளி எடுத்தவர். எந்த டாப் 10 பட்டியலிலும் அவர்தான் மேலே இருந்திருப்பார். ஆனால் அவர் ஆட்டம் முழுக்கக் கால். பில்லப்ஸ் நிதானம், ஷூட், ஃப்ரீ த்ரோ. அந்த சீசன் முடிவில் டென்வர் வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் இறுதிவரை போனது. முந்தைய வருடம் 59 ஆட்டம் ஜெயித்திருந்த டெட்ராய்டு 39 ஜெயித்து, முதல் சுற்றில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் வெளியேறியது. 2010 பிப்ரவரியில், 34 வயதில், ஐவர்சன் தன் கடைசி என்பிஏ ஆட்டத்தை ஆடிவிட்டார். 34 என்பது உங்கள் கார்டின் வயது.

ஜான் ஸ்டாக்டன் 2003இல் 41 வயதில் ஓய்வு பெற்றார். அந்தக் கடைசி சீசனிலும் 82 ஆட்டம் ஆடி, சராசரி 7.7 அசிஸ்ட் கொடுத்தார் என்று யாராவது எடுத்துக்காட்டுவார்கள். உண்மைதான். அவர் கையால் ஆடியவர். மேலே போகலாம்.

37 வயதுக்காரரை எப்படி முதலில் வைக்கிறேன் என்று கேட்பீர்கள். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். ஏனென்றால் வயதைப் பார்த்தவுடன் மேலாளர்கள் மளமளவென்று தவறு செய்யும் இடம் இதுதான். உயரமான, மெதுவான, ஆனால் ஷூட்டும் அறிவும் உள்ள சென்டர் என்றால் வயதுக் கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். உங்கள் சென்டரின் வேகம் 22. சிரித்திருப்பீர்கள். அந்த 22தான் அவருடைய பலம். ஏற்கெனவே 22 என்றால் இனி எதை இழக்கப்போகிறார்? அவருடைய 63 முழுக்க உயரத்திலும், டிஃபென்ஸ் அறிவிலும் (74), ஓரளவு ஷூட்டிலும் உட்கார்ந்திருக்கிறது. உயரம் கரையாது, அறிவும் சட்டென்று கரையாது. 1985 இறுதிப் போட்டித் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். கரீம் அப்துல் ஜப்பாருக்கு 38 வயது. முதல் ஆட்டத்தில் 12 புள்ளி, 3 ரீபவுண்ட், அவருடைய லேக்கர்ஸ் அணிக்குப் படுதோல்வி. ஆள் முடிந்துவிட்டார் என்றார்கள். இரண்டாவது ஆட்டத்தில் 30 புள்ளி, 17 ரீபவுண்ட். தொடரின் எம்விபியும் அவரே. 7 அடி 2 அங்குல மனிதர் கையைத் தலைக்கு மேலே வளைத்துப் போடும் ஸ்கை ஹுக்குக்கு வேகம் எதற்கு? சமீபத்து உதாரணம் வேண்டுமா? புரூக் லோபஸ் முதல் எட்டு சீசன்களில் மொத்தமே 3 தடவைதான் மூன்று புள்ளி ஷூட்டைக் கூடைக்குள் போட்டிருந்தார். 2016-17இல் மட்டும் 134. 2022-23 சீசனில், 35ஐத் தொட்டவர், சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருதில் இரண்டாம் இடம் பிடித்தார். அவர் யாரையும் துரத்தி ஓடியதில்லை. எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்து நின்றார். அல் ஹார்ஃபர்டு 2024இல் கோப்பை வாங்கியபோது 38 வயது.

ஆனால் இதை எல்லா சென்டருக்கும் நீட்டிவிடாதீர்கள். குதித்து டங்க் அடித்தே பிழைக்கும் சென்டர் உயரமானவர் என்றாலும் காலால் ஆடுபவர்தான். குதிப்பு எண் 60க்கு மேல், ஷூட் எண் 30க்குக் கீழ் என்று பார்த்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 37ஐத் தாண்டிய ஒப்பந்தமும் எந்த சென்டருக்கும் கொடுக்க வேண்டாம். ஒரு வருடம், அதோடு சரி. அப்புறம் நிமிடங்கள். ஒரு ஆட்டத்தில் ஒரு அணி பங்கிட்டுக்கொள்ள 240 நிமிடங்கள் இருக்கின்றன. அவருக்கு 24 கொடுங்கள், 34 வேண்டாம். காயத்துக்கும் இது பொருந்தும்: பாஸ்கெட்பால் ஜிஎம்மில் 26 வயதைத் தாண்டிய ஒவ்வொரு வருடத்துக்கும் காயம்படும் வாய்ப்பு 3 சதவீதம் கூடும். 37 வயதில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம் என்று ஆகிறது. பெஞ்சில் இன்னொரு சென்டர் இல்லாமல் இவரை வாங்காதீர்கள்.

இனி அந்தப் பட்டியல். ‘டாப் 10 சீனியர்கள்’ என்று சுற்றுக்கு விடப்படும் பட்டியல்களை நான் விலைப்பட்டியலாகத்தான் படிப்பேன். போட்டவரின் அணியில் எத்தனை பேர், அவர் யாருக்கு டிரேட் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள், பாதி மர்மம் அவிழும். இந்த மூன்று அணித் தரகர்கள் லீக்குக்கு ஒருவராவது இருப்பார்கள். இரண்டு பக்கமும் ‘உனக்காகத்தான் பேசுகிறேன்’ என்பார்கள். கடைசியில் கணக்குப் பார்த்தால் ஒரு செகண்ட் ரவுண்ட் பிக் அவர்கள் பையில் இருக்கும். உங்களுடைய டிரேடில் அந்த மேலாளருக்கு என்ன போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டீர்களா?

நானே ஏமாந்தவன்தான். ஒரு லீக்கில், 35 வயது விங் வீரர், ஓவரால் 66. ‘இன்றைக்கு ராத்திரிக்குள் சொல், இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்’ என்றார் தரகர். இரண்டு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் கொடுத்தேன். ராத்திரி 11 மணிக்கு டிரேட் உறுதியானது. காலையில் ப்ரோக்ரஷன் ஓட்டிய புதிய ஃபைல் ஏறியிருந்தது: வேகம் 69 இருந்த இடத்தில் 61, ஓவரால் 60. இன்னொருவர் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த இரண்டு பிக்கில் ஒன்று இன்றைக்கும் எனக்கு எதிராக ஆடிக்கொண்டிருக்கிறது.

நிஜ என்பிஏவிலேயே இதன் பெரிய பதிப்பு நடந்தது. 2013இல் புரூக்ளின் அணி 37 வயது கெவின் கார்னெட், 35 வயது பால் பியர்ஸ், 35 வயது ஜேசன் டெரி மூவரையும் பாஸ்டனிடமிருந்து வாங்க, 2014, 2016, 2018 ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக்குகளையும், 2017இல் பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது. கிடைத்தது 2014 பிளே ஆஃபில் இரண்டாவது சுற்று. பியர்ஸ் ஒரே வருடத்தில் கிளம்பினார். பாஸ்டன் 2016 பிக்கில் ஜேலன் பிரவுனை எடுத்தது. 2017இல் கிடைத்த முதல் பிக்கை இன்னொரு அணியின் மூன்றாவது பிக்கோடு மாற்றிக்கொண்டு, ஜேசன் டேட்டமை எடுத்தது. 2024 கோப்பை அந்த இருவரோடு வந்தது. இரண்டாவது சுற்றைத் தாண்டத்தானே நீங்களும் இப்போது பிக் கொடுக்கப் பார்க்கிறீர்கள்?

பட்டியல்களில் இன்னொரு பித்தலாட்டம், இது தெரிந்தே செய்வதா தெரியாமலா என்று எனக்குச் சந்தேகம். ‘37 வயது வீரர்களின் சராசரி 33 வயதினரின் சராசரியை விடக் குறையவே இல்லை’ என்று ஒரு வரைபடம் போடுவார்கள். குறையாதுதான். விழுந்தவர்கள் எல்லாம் 35லேயே ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். மிச்சம் நிற்பவர்கள் மட்டும்தானே கணக்கில் வருகிறார்கள்? ஒரே ஆளை வருடாவருடம் பின்தொடர்ந்து பார்த்தால்தான் இறக்கம் தெரியும். சென்ற சீசன் புள்ளி சராசரியையும் நம்ப வேண்டாம். அது பழைய ரேட்டிங்கில் எடுத்தது.

லீக் நிர்வாகத்தைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். நானும் கமிஷனராக இருந்தவன், அந்த வேலையின் கஷ்டம் தெரியும். ஆனாலும் விதிப் புத்தகத்தில் அணிச் சின்னத்தின் அளவுக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறவர்கள், ப்ரோக்ரஷன் தேதியை ஒரு வரியில் போடக்கூடாதா? ‘நேரம் கிடைக்கும்போது ஓட்டுவேன்’ என்றால், அது எப்போது என்று கமிஷனரின் நண்பர்கள் நாலு பேருக்கு மட்டும் தெரியும். டிரேட் கமிட்டி என்று ஐந்து பேரை உட்கார வைப்பார்கள். அதில் மூன்று பேர் அதே தரகரிடம் வியாபாரம் செய்கிறவர்கள். ப்ரோக்ரஷனுக்கு ஒரு வாரம் முன்பே டிரேடை மூடிவிட்டால் இந்தத் தொல்லையில் முக்கால்வாசி ஒழியும். எழுதிக் கேட்டுப் பாருங்கள், செய்ய மாட்டார்கள்.

மிச்சம் இருவர். ஃபார்வர்டு நல்ல ஆட்டக்காரர், கையும் காலும் பாதிப் பாதி. ஆனால் 3 வருட ஒப்பந்தம் என்றால் 36 வயது வரை சம்பளம் உங்கள் தலையில். ஒரு வருடம்தான் மிச்சம் என்றிருந்தால் ஷூட்டருக்கு மேலே வைத்திருப்பேன். முன்னாள் எம்விபி பெயருக்காக வேண்டாம், குறைந்தபட்ச சம்பளத்தில் வந்தால் 14வது, 15வது ஆளாக வரட்டும். என்பிஏவில் 10 வருடத்துக்கு மேல் ஆடியவரை ஒரு வருட மினிமத்தில் எடுத்தால், 2 வருட அனுபவக்காரரின் மினிமம் அளவுக்குத்தான் கேப்பில் (அணியின் சம்பள உச்சவரம்பு) கணக்காகும், மிச்சத்தை லீக்கே ஏற்கும். பல சிமுலேஷன்களில் அந்தச் சலுகையை எழுதவே இல்லை, முழுச் சம்பளமும் உங்கள் கேப்பில் விழும். கையெழுத்துக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு அந்த மேலாளருக்கு ஒரே வரி அனுப்புங்கள்: ‘ப்ரோக்ரஷன் முடிந்த மறுநாள் பேசலாம், அதே விலைக்குத் தருவீர்களா?’ சென்டரின் மேலாளரிடம் தரகர் இல்லாமல் நேராகப் போய், இரண்டு செகண்ட் ரவுண்ட் பிக்கோடு பேச்சைத் தொடங்குங்கள்.