பன்மாறிப் பகுப்பாய்வும் காலநிலையும்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

பல மாறிகளை ஒன்றாக வைத்து ஆராயும் பன்மாறிப் பகுப்பாய்வு பற்றிப் போன வாரம் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். புள்ளியியலில் 30 வருடத்துக்கு மேல் ஆகிறது, அதில் பாதிக்கு மேல் காலநிலைத் தரவுகளோடுதான் போனது. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

மேடம், புள்ளியியல் படித்த நீங்கள் காலநிலைக்குள் எப்படி வந்தீர்கள்?

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்தது முதன்மைக் கூறு பகுப்பாய்வு, எல்லாரும் பிசிஏ என்று சொல்வது. முழுக்க முழுக்கத் தேற்றங்கள். அப்புறம் ஒரு வானிலை ஆய்வாளர் கடல் மேற்பரப்பு வெப்பநிலைத் தரவைக் கொண்டுவந்து, "இதில் நாங்கள் இ.ஓ.எஃப். போடுகிறோம், சரியா என்று பாருங்கள்" என்றார். பார்த்தால் அது பிசிஏதான்! பியர்சன் 1901இலும் ஹோட்டலிங் 1933இலும் எழுதியதை, லோரன்ஸ் 1956இல் வானிலைக்குக் கொண்டுவந்து வேறு பெயர் வைத்திருக்கிறார். ஒரே கணக்கை இரண்டு துறைகள் இரண்டு மொழியில் பேசிக்கொண்டிருந்தன. நடுவில் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்று தோன்றியது, நின்றுவிட்டேன்.

பிசிஏ என்றால் என்ன, சமன்பாடு இல்லாமல் சொல்ல முடியுமா?

முடியும். ஒரு பெருங்கடலில் 2000 இடங்களில் மாதாமாதம் வெப்பநிலை அளக்கிறீர்கள் என்று வையுங்கள். பக்கத்துப் பக்கத்து இடங்கள் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அதனால் 2000 எண்களில் உண்மையில் அத்தனை தகவல் கிடையாது. எந்த ஒரு சேர்க்கை மொத்த ஏற்ற இறக்கத்தில் அதிகபட்சத்தைப் பிடிக்கிறதோ அது முதல் கூறு. அதோடு ஒட்டுறவே (சேர்ந்து ஏறி இறங்கும் தொடர்பே) இல்லாமல் மிச்சத்தில் அதிகபட்சத்தைப் பிடிப்பது இரண்டாவது. இப்படியே போகும். வெப்பமண்டல பசிபிக்கில், பருவச் சுழற்சியைக் கழித்த பிறகு இதைச் செய்தால், முதல் கூறாக எல் நினோ, அதாவது சில வருடங்களுக்கு ஒருமுறை அந்தக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது, வந்து நிற்கும். முதல் தடவை அந்த வரைபடம் என் திரையில் வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, இன்றைக்கும் மாணவர்களுக்கு முதலில் அதைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

எத்தனை கூறுகளை வைத்துக்கொள்வது? ஐகன் மதிப்பு 1க்கு மேல் என்று படித்திருக்கிறேன்.

ஐகன் மதிப்பு என்பது ஒரு கூறு பிடிக்கும் ஏற்ற இறக்கத்தின் அளவு. 1க்கு மேல் என்பது கைசர் 1960இல் சொன்ன விதி, எல்லா மாறிகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து போடும் ஒட்டுறவு அணிக்கு மட்டும்தான் பொருந்தும். கொஞ்சம் கறாரானது, பயனுள்ள கூறையும் சில சமயம் வெட்டிவிடும் என்பதால் 0.7 வரை இறங்கலாம் என்று ஜோலிஃப் 1972இல் சொன்னார். நான் எந்த ஒற்றை எண்ணையும் நம்புவதில்லை. எதற்காகச் சுருக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துதான் எண்ணிக்கை.

என் ஆய்வில் இரண்டாவது கூறு கிழக்கில் நேர்க்குறி, மேற்கில் எதிர்க்குறி என்று அழகாகப் பிரிகிறது. இதைப் புதிய காலநிலை ஊசலாட்டம் என்று எழுதலாமா?

எழுதாதீர்கள், இப்போதைக்கு. இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே இதில் விழுந்திருக்கிறேன்.

ஒரு செவ்வகப் பகுதியை எடுத்து, ஒட்டுறவு தூரத்தைப் பொறுத்து மட்டும் மெல்லக் குறைகிற மாதிரி செயற்கைத் தரவு உருவாக்குங்கள். அதில் எல் நினோவும் கிடையாது, எதுவும் கிடையாது. ஆனாலும் முதல் கூறு முழுவதும் ஒரே குறியில் வரும், இரண்டாவது பாதிக்குப் பாதி பிரியும், மூன்றாவது குறுக்கே பிரியும். ப்யூவெல் 1970களிலேயே இதைக் காட்டிவிட்டார். அதாவது நீங்கள் பார்ப்பது இயற்கையின் வடிவம் இல்லை, நீங்கள் வெட்டிய வரைபடத்தின் வடிவமாக இருக்கலாம். எனக்கு நடந்ததும் அதுதான். ஒரு கூட்டத்தில் பெருமையாகக் காட்டினேன், ஒருவர் எழுந்து "பகுதியைப் பாதியாக்கி மறுபடி போட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை. அன்றிரவே போட்டேன், பாதிப் பகுதியும் மறுபடி நடுவிலேயே பிரிந்தது.

அடுத்தது, இரண்டு ஐகன் மதிப்புகள் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். நார்த்தும் மற்றவர்களும் 1982இல் தந்த விதி சுலபமானது: ஐகன் மதிப்பை, 2ஐ மாதிரி அளவால் (அளவீடுகளின் எண்ணிக்கையால்) வகுத்து வர்க்கமூலம் எடுத்த எண்ணால் பெருக்கினால் அதன் பிழை கிடைக்கும். மாதிரி அளவு 50 என்றால் பிழை 20 சதவீதம். உங்கள் முதல் கூறு 22 சதவீதமும் இரண்டாவது 19 சதவீதமும் விளக்குகிறது என்றால், இடைவெளி 3, பிழையோ 4க்கு மேல். அந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்துதான் கிடக்கும். இன்னொன்று, அந்த 50 உண்மையான 50ஆ? முந்தைய வருடத்தோடு ஒட்டுறவு 0.5 இருந்தால், 100 வருடத் தரவு சுமார் 33 சுதந்திரமான அளவீடுகளுக்குத்தான் சமம்.

கடைசியாக, கூறுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும் என்பது நாம் கணக்கில் போட்ட நிபந்தனை. காற்றும் கடலும் அதற்குக் கட்டுப்பட்டவை இல்லை. இவ்வளவையும் தாண்டி அந்த வடிவம் நின்றால், அதற்கு இயற்பியல் காரணமும் கிடைத்தால், தைரியமாக எழுதுங்கள். நான் முதலில் கைதட்டுவேன்.

ஹாக்கி மட்டை வரைபடச் சர்ச்சையில் புள்ளியியல் தவறு இருந்ததா?

பல நூற்றாண்டு வெப்பநிலை ஏறக்குறைய தட்டையாகப் போய், 20ஆம் நூற்றாண்டில் சட்டென்று மேலேறும் வரைபடம் அது. தவறு இருந்தது, ஆனால் அதை ஊதிப் பெருக்கியதும் நடந்தது. 1998இல் மைக்கேல் மான் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் மர வளையத் தரவில் பிசிஏ செய்தபோது, முழுக் காலத்தின் சராசரியைக் கழிக்காமல் 1902 முதல் 1980 வரையிலான சராசரியைக் கழித்தார்கள். அப்படிச் செய்தால் 20ஆம் நூற்றாண்டில் விலகிப்போகும் தொடர்களுக்குக் கூடுதல் எடை போய்விடும். அந்த முறையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுமம் 2006இல் ஆராய்ந்து, இந்த முறை வேண்டாம், ஆனால் முடிவை அது பெரிதாக மாற்றவில்லை என்றது. இந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

என் முன்னறிவிப்பு மாதிரி 97 சதவீதம் சரியாக வருகிறது. போதுமா?

எதை முன்னறிவிக்கிறீர்கள்? அரிதாக நடப்பது என்றால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. 1884இல் அமெரிக்காவில் ஃபின்லி என்பவர் சூறாவளிச் சுழல் (டொர்னாடோ) வருமா வராதா என்று 2803 முன்னறிவிப்புகள் செய்தார், 96.6 சதவீதம் சரி. ஆனால் "வராது" என்றே எல்லா நாளும் சொல்லியிருந்தால் 98.2 சதவீதம் கிடைத்திருக்கும்! அவர் "வரும்" என்றது 100 தடவை, வந்தது 28. சொல்லாமல் வந்தது 23. வராது என்று சொல்லி வராமல் போனதை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால் 123க்கு 28, அதாவது 23 சதவீதம். ஜி. கே. கில்பர்ட் என்ற நிலவியலாளர் அதே வருடம் முன்வைத்த அளவு இது. உங்கள் மாதிரிக்கும் இதைப் போட்டுப் பாருங்கள்.

கணக்குப் போட எந்த நிரல்மொழி, ஆர் (R) மொழியா, பைத்தானா?

எது கைக்கு வருகிறதோ அது. ஆனால் பூமியைக் கட்டங்களாகப் பிரித்த கட்டத் தரவு என்றால் பரப்பு எடையை மறக்காதீர்கள். 60 டிகிரி அட்சரேகையில் ஒரு கட்டத்தின் பரப்பு நிலநடுக்கோட்டில் இருப்பதில் பாதிதான். அட்சரேகையின் கோசைனின் வர்க்கமூலத்தால் பெருக்கிவிட்டு அப்புறம் பிசிஏ.

இயற்பியல் தெரியாத புள்ளியியல் மாணவி இந்தத் துறைக்கு வரலாமா?

தாராளமாக வாருங்கள் அம்மா. கில்பர்ட் வாக்கர் 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தபோது கணிதக்காரர்தான், பருவமழையை முன்னறிய ஒட்டுறவுகளைத் தேடப்போய், பசிபிக்கின் கிழக்கிலும் மேற்கிலும் காற்றழுத்தம் மாறி மாறி ஏறி இறங்கும் தென் அலைவைக் கண்டெடுத்தார். ஆனால் வந்த பிறகு இயற்பியலைக் கற்றே ஆக வேண்டும். நான் முதல் இரண்டு வருடம் வானிலைக்காரர்களின் கருத்தரங்குகளில் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன், பாதி புரியவில்லை. புரியாததை இடைவேளையில் போய்க் கேட்பேன், ஒருவரும் முகம் சுளித்ததில்லை. நீங்கள் முதலில் ஒரே ஒரு தரவுத்தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது எப்படி அளக்கப்பட்டது, கருவி எப்போது மாறியது, எந்த வருடங்கள் விடுபட்டிருக்கின்றன என்று தெரிந்துகொண்ட பிறகு பிசிஏ பக்கம் வாருங்கள்.